காலை ஆறு, மாலை ஆறு

மகளைக் கட்டிக் கொடுத்திருப்பது கடலோரத்து ஊரில். ஏப்ரலில் ஒருநாள் போனில் ஒரு பட்டியல் அனுப்பினாள். அவள் ஊரின் மாதவாரிச் சராசரி வெப்பநிலை. ஜனவரியில் இருபத்தைந்து, மே மாதம் முப்பது. வருஷம் முழுக்க ஐந்து டிகிரிக்குள் அடங்கிப்போகிற ஊர். வெயில் தணியும்வரை தன் அப்பாவை அங்கே கூட்டி வரச் சொன்னாள்.

காரணம் இருந்தது. போன வருஷம் எருமப்பட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் கோழிப்பண்ணையில், நடு மத்தியானத்தில் அவர் சுருண்டு விழுந்தார். இன்னொரு தடவை இப்படி விழுந்தால் எழுந்திருப்பது சந்தேகம் என்று அஸ்தம்பட்டி டாக்டர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

என் வீட்டுக்காரர் பட்டியலைப் பார்த்துவிட்டு, ஷெட் கதவில் தொங்கும் அட்டையைக் கழற்றிக்கொண்டு வந்தார். முட்டை பொறுக்கப் போகும்போது காலை ஆறுக்கும் மாலை ஆறுக்கும் வெப்பத்தைப் பார்த்து அதில் எழுதுவது எங்கள் வழக்கம். இருபத்தேழு, முப்பத்து மூன்று. கூட்டி இரண்டால் வகுத்தார். முப்பது. அவள் ஊரும் நம் ஊரும் ஒன்றுதானே என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மத்தியானம் என்று ஒன்று அந்த அட்டையிலேயே கிடையாது. இது தெரியாத ஆளா அவர்? கோழிகளை விட்டுப் போக மனசில்லை, அவ்வளவுதான்.

மே மாதம் ஒருநாள், மத்தியானம் ஒரு மணிக்குக் கரண்ட் போனது. ஜெனரேட்டர் பேட்டரி ரிப்பேருக்குப் போயிருந்தது. காற்றாடிகள் நின்றன. பனிபோல் தண்ணீர் தெளிக்கிற ஃபாகரும் நின்றது. ஷெட்டுக்குள் நாற்பத்திரண்டு. மூவாயிரம் கோழிகளும் வாயைப் பிளந்து, இறக்கையை விரித்து மூச்சு வாங்கின.

அவர் வீட்டிலிருந்து ஓடி வருவது தெரிந்தது. எனக்கு வேறு ஒன்றும் தோன்றவில்லை. ஷெட்டுக்குள் போய்க் கம்பிக் கதவை உள்ளிருந்து பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

உள்ளே இருந்த தொட்டியில் மொண்டு மொண்டு கூண்டுகள்மேல் வீசினேன். வலைக்கு வெளியே, தலையில் ஒரு துண்டுகூட இல்லாமல், சுள்ளென்ற வெயிலில் அவர் நின்றார்.

"கதவத் தொற. நீ ஒருத்தி பண்ணி ஆவாது. எல்லாஞ் செத்துப் போயிரும்."

நான் பக்கெட்டைக் கீழே வைத்தேன்.

"செத்தாச் சாவட்டுங்க. நீங்க நெழலுக்குப் போங்க. போனாத்தான் ஊத்துவேன்."

அவர் நகரவில்லை. நானும் நகரவில்லை. என் கண்ணெதிரே ஒரு கோழி கழுத்தைத் தொங்கப்போட்டது. பிறகு அதற்கு அடுத்தது. அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் மறக்க மாட்டேன். பக்கெட்டை எடுத்துவிடலாமா என்று கை துடித்தது. எடுத்திருந்தால் அவர் அங்கேயே நின்றிருப்பார். கடைசியில் தள்ளாடிக்கொண்டே வேப்பமரத்தடிக்குப் போய் உட்கார்ந்தார். நான் பக்கெட்டைத் தூக்கினேன்.

அவர் எழுந்து வந்தபோதெல்லாம் நான் நிறுத்தினேன். அப்படி மூன்று தடவை. கரண்ட் வந்தபோது மணி இரண்டே முக்கால்.

இருநூற்றுப் பதினாறு கோழிகள். நான் கைகட்டி நின்ற நேரத்தில் செத்தவை எத்தனை என்று எனக்குத் தெரியாது. அவர் கேட்கவும் இல்லை.

சாயங்காலம் ஒரு மழை அடித்தது. ஆறு மணிக்கு ஈரத்துண்டைத் தலையில் போட்டபடி அட்டையை எடுத்தார். காலை இருபத்தேழு, மாலை இருபத்தொன்பது. செத்த கோழிகளுக்கான கட்டத்தில் இருநூற்றுப் பதினாறு. அந்த நேரம் பார்த்து மகள் கூப்பிட்டாள்.

"இன்னைக்கு உங்கூர உட இங்கதான் சாமி குளுகுளுன்னு இருக்குது. வேணும்னா அட்டையப் பாரு," என்றார்.

போனை வைத்துவிட்டுச் சாவிக்காகக் கையை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. இரண்டு நாள் கழித்து அவரைப் பஸ் ஏற்றி மகளிடம் அனுப்பிவைத்தபோதும் அது என் இடுப்பில்தான் இருந்தது.