ஆர்டிஸின் வயிற்றுக் குடித்தனக்காரர்கள்

முதலில் பூட்ஸைக் கழற்றுவார். பிறகு இடுப்பு வாரை ஒரு துளை தளர்த்துவார். மூக்குக்கண்ணாடியை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, நான் வேலை பார்க்கும் மருந்துக்கடை மூலையில் இருக்கும் ரத்த அழுத்த இயந்திரத்தின் நாற்காலியில் ஆர்டிஸ் வெண்டார்ஃப் உட்கார்ந்துவிட்டால், இருமல் மருந்து வாங்க வந்தவர்கூட இருமலை அடக்கிக்கொள்ள வேண்டும்.

"ஷ்ஷ்! யாரும் பேசாதீங்க. நான் உறைஞ்ச ஏரிய நெனச்சுக்கிட்டு இருக்கேன்" என்பார், கண்ணை மூடியபடி.

இயந்திரம் கையை இறுக்கிப் பிடித்து, விட்டு, எண்ணைக் காட்டும். எண் பிடிக்காவிட்டால் எழுந்து, குதிரையில் தலைமாறி ஏறியவர்போலப் பின்பக்கமாகத் திரும்பி உட்கார்ந்து, மறு கையை நுழைப்பார். "இடது கை லூத்தரன் சபை, வலது கை கத்தோலிக்கம். ரெண்டுல எது நெசம் பேசுதுன்னு பாப்போம்." இரண்டும் ஒரே எண்ணைச் சொன்ன நாளில், "ரெண்டும் கூட்டுச் சேர்ந்துடுச்சு கண்ணு" என்று என்னிடம் முறையிட்டுவிட்டுப் போனார்.

ஆர்டிஸ் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். குள்ளம், அகலம். நரைத்த முடியை வேட்டைக்காரர்களின் ஆரஞ்சு நிறத் தொப்பிக்குள் வருடம் முழுவதும் திணித்து வைத்திருப்பார். விஸ்கான்சின் மாநிலத்தின் இந்தச் சிற்றூரில் பாதிப் பேரை 'டா', 'டீ' போட்டுப் பேசும் உரிமை அவருக்கு உண்டு. அவர்களைச் சிறு வயதில் பனியிலும் சேற்றிலும் ஏற்றிச் சென்று பள்ளியில் இறக்கியவர். என்னை மட்டும் 'கண்ணு' என்பார். நான் வளர்ந்து முடித்த பிறகே இங்கே வந்தவள் என்பதால் இருக்கலாம்.

இயந்திரத்தோடு அவர் மல்லுக்கட்டுவதற்குக் காரணம் இருக்கிறது. பேருந்து ஓட்டுபவர்களுக்கு நடக்கும் உடல் பரிசோதனையில் அழுத்தத்தின் மேல் எண் நூற்று நாற்பதுக்குக் கீழே இருந்தாக வேண்டும். ஆகஸ்டில் ஆர்டிஸுக்கு அது நூற்று அறுபதைத் தாண்டியது. மூன்று மாதத்துக்கு மட்டும் அனுமதி கொடுத்தார்கள். நவம்பரில் மறுபடி பார்ப்பார்கள். அப்போதும் இறங்காவிட்டால் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். அதற்குள்ளாகவே, பால் லாரி ஓட்டி ஓய்வுபெற்ற ஒருவரைப் பாதை பழகுவதற்காக அவர் பின்னால் உட்கார வைத்துவிட்டார்கள். குழந்தைகளிடம் அவரை ஆர்டிஸ் இப்படித்தான் அறிமுகப்படுத்தினார்: "இவர் என் சவப்பெட்டிக்கு அளவெடுக்க வந்திருக்கார். வணக்கம் சொல்லுங்க."

"வீட்ல ஒக்காந்து நான் என்ன பண்றது? வேற எவனோ என் பஸ்ஸ ஓட்டிக்கிட்டுப் போறத ஜன்னல் வழியா பாக்கவா?" என்று என்னிடம் ஒருமுறை கேட்டார். அன்று மட்டும் அவர் சிரிக்கவில்லை.

அவருடைய நம்பிக்கையெல்லாம் குடித்தனக்காரர்கள் மேல். குடலில் வாழும் நல்ல நுண்ணுயிர்களுக்கும் ரத்த அழுத்தத்துக்கும் தொடர்பு இருக்கிறது என்று ஏதோ ஒரு வானொலி நிகழ்ச்சியில் கேட்டிருக்கிறார். மீதிக் கதையை அவரே கட்டிக்கொண்டார். "நம்ம வயித்துல கோடிக்கணக்குல குடித்தனக்காரங்க இருக்காங்க. நல்லா கவனிச்சா வாடகையா பிரஷரக் கொறைப்பாங்க." ஏப்பம் வந்தால், "மாடி வீட்ல சண்டை" என்பார். இரண்டாவது கோப்பை பிராந்தியை மறுக்கும்போது, "எனக்கு ஆட்சேபணை இல்லப்பா, கீழ இருக்கறவங்க தூங்கணும்ல" என்பார். எங்கள் கடையில் நுண்ணுயிர் மாத்திரை டப்பாவை யாராவது கையில் எடுத்தால் போதும். "மயக்கத்துல கெடக்கறதப் போயி காசு குடுத்து வாங்கறியே. என் வீட்டு நிலவறைக்கு வா, ஜாடியில குதிச்சுக்கிட்டு இருக்கறதாவே தர்றேன்." கடை முதலாளியும் மருந்தாளருமான லைல் தலையில் கை வைத்துக்கொள்வார்.

உப்பு விஷயத்தில் மட்டும் ஆர்டிஸ் விளையாடுவதில்லை. மருத்துவர் குறைக்கச் சொன்ன அன்றே வீட்டு உப்புக் குப்பியைக் குப்பையில் போட்டார். வெள்ளிக்கிழமை மாதாகோவில் கீழ்த்தளத்தில் நடக்கும் பொரித்த மீன் விருந்தில், பக்கத்து மேசைகளின் உப்புக் குப்பிகளையும் பறித்து மேலங்கிப் பையில் போட்டுக்கொள்வார். நடக்கும்போது அவர் பை கலகலக்கும். அப்படியும் எண் இறங்கவில்லை. மருத்துவர் ரத்த அழுத்த மாத்திரையின் அளவைக் கூட்டினார். அதற்கும் அசையவில்லை. லைலுக்கு இது புரியாத புதிராகவே இருந்தது.

அக்டோபரில் லைலுக்கு ஒரு கடைவாய்ப்பல்லைப் பிடுங்கினார்கள். சீழ் பிடித்திருந்ததால் ஒரு வாரத்துக்குக் கிருமிக்கொல்லி மாத்திரை. செய்தி கேட்டதும் ஆர்டிஸ் பேருந்தைப் பள்ளியில் நிறுத்திவிட்டு நேரே கடைக்கு வந்தார்.

"ஏண்டா லைல், படுபாவி! மொத்தக் குடித்தனக்காரங்களையும் கொன்னுட்டியே!"

"கன்னம் வீங்கிப் போச்சு ஆர்டிஸ்."

"ஒரு பல்லுக்காக ஊரையே எரிப்பியா? இந்தா, குடி."

கையில் ஒரு கண்ணாடி ஜாடி. அவர் நிலவறையில் பெரிய மண்சாடி நிறையப் புளிக்கவைக்கும் முட்டைக்கோசிலிருந்து வடித்த நீர், மங்கலாக, குமிழிவிட்டுக்கொண்டு. லைல் குடிக்கும்வரை அவர் நகரப்போவதில்லை என்பது தெரிந்ததால், நான்தான் காகிதக் குவளை எடுத்துக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்த லைலின் முகம் நாலு பக்கமும் சுருங்கியது. இன்னொரு சொட்டை நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"ஆர்டிஸ், இத நீங்க குடிக்கறீங்களா?"

"பின்ன? காலையில ஒரு பெரிய டம்ளர். பிரஷர் மாத்திரையக்கூட இத ஊத்தித்தான் முழுங்கறேன்."

லைல் கல்லாவின் மேல் மெதுவாகச் சாய்ந்துகொண்டார். "இதுல எவ்வளவு உப்பு போட்டிருக்கீங்க?"

"அந்த உப்பு எனக்கில்லடா. முட்டைக்கோசுக்கு."

"முட்டைக்கோசுக்கு யாரும் பிரஷர் பாக்கப் போறதில்ல ஆர்டிஸ். உங்களுக்குத்தான் பாக்கப் போறாங்க."

கடையில் இருந்த எல்லோரும் அலமாரிகளை ரொம்ப அக்கறையாகப் பார்க்க ஆரம்பித்தோம். ஆர்டிஸ் ஜாடியை மறு கைக்கு மாற்றினார். மேலங்கிப் பை லேசாகக் கலகலத்தது.

"அப்ப என் குடித்தனக்காரங்கள பட்டினி போடச் சொல்றியா?"

"வேணாம். இனிப்பு சேக்காத தயிர் குடுங்க. கோசு வேணும்னா நல்லா அலசிட்டு ஒரு கரண்டி. அந்தத் தண்ணிய மட்டும் தொடாதீங்க. மாத்திரைக்குப் பச்சத்தண்ணி போதும்."

"தயிரா? அது பல்லில்லாதவன் சாப்பாடு."

"எனக்கும் இப்ப ஒண்ணு இல்லையே."

ஜாடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியேறினார். அன்று நாற்காலிப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு மதியங்களில், பேருந்தின் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து தயிர் சாப்பிடுவார். கொட்டும் மழையில் கல்லறைக்குப் போய்வந்தவர்போல இருக்கும் முகம். மூன்றாவது கரண்டிக்குப் பிறகு மூடி வைத்துவிட்டு, சுற்றிலும் பார்த்துவிட்டு, மறுபடி திறப்பார். கடைக்கு வருவதை நிறுத்தவில்லை. பூட்ஸைக் கழற்றுவார், உறைந்த ஏரியை நினைப்பார். என்ன எண் என்று சொல்லமாட்டார், நானும் கேட்டதில்லை. நவம்பர் தொடக்கத்தில் ஒருநாள், ஒரு கையோடு எழுந்துவிட்டார். மறு கையைக் கூப்பிடவில்லை.

"என்ன, கத்தோலிக்கத்துக்கு லீவா?" என்று லைல் கேட்டார்.

"குடித்தனக்காரங்க வாடகை கட்ட ஆரம்பிச்சிருக்காங்க. உன் மாத்திரையும் கொஞ்சம் ஒத்தாசை பண்ணியிருக்கலாம், அத நான் மறுக்கல" என்றார் ஆர்டிஸ், பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டே. உப்பு நீரைப் பற்றி யாரும் பேசவில்லை.

பரிசோதனை நாள் வந்தது. தேறாவிட்டால் அங்கேயே சாவி கைமாறும். பால் லாரிக்காரர்தான் பேருந்தை ஓட்டி வருவார். அன்று காலை லைல் ஒரே மருந்துச்சீட்டை இரண்டு முறை என்னிடம் கொடுத்தார். பிறகு காப்பி வாங்கி வருகிறேன் என்று எதிர்ச்சாரிக்குப் போனார். அங்கே கடையில் காப்பி இருந்தது. இங்கேயும் சூடாக ஒரு குடுவை இருந்தது.

அவர் கோப்பையோடு எதிர் நடைபாதை ஓரத்தில் நின்றபோது தெருமுனையில் மஞ்சள் பேருந்து திரும்பியது. வழக்கத்தைவிட மெதுவாக வந்து, எங்கள் கடை வாசலில் நின்றது. சிவப்பு விளக்குகள் மின்ன, பக்கவாட்டிலிருந்து 'நில்' பலகை விரிந்தது. சட்டப்படி இரண்டு பக்கமும் வண்டிகள் நின்றன: ஒரு வைக்கோல் லாரி, பின்னால் வேட்டையில் சுட்ட மானோடு வந்த ஒரு வண்டி, அதற்கும் பின்னால் ஷெரிஃபின் போலீஸ் வண்டி. எல்லோரும் குழந்தைகள் இறங்கட்டும் என்று காத்திருந்தார்கள். பேருந்தில் ஒரு குழந்தையும் இல்லை.

ஓட்டுநர் இருக்கையில் ஆர்டிஸ்தான் இருந்தார். பக்கத்துக் கண்ணாடியை இறக்கி, சாலையைக் கடக்கும் பிள்ளைகளுக்குக் காட்டுவதுபோல லைலைப் பார்த்துச் சுட்டுவிரலை நீட்டினார். இடது பக்கம் காட்டினார். பிறகு வலது பக்கம். லைல் காப்பிக் கோப்பையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு இரண்டு பக்கமும் ஒழுங்காகப் பார்த்து முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, இப்போது கடக்கலாம் என்று ஆர்டிஸ் விரலை மடக்கினார்.