எந்த டெல்டா

ஹஸீபா பிளஸ் ஒன்னோடு படிப்பை நிறுத்தியவள். பார்வையில்லாதவர்களுக்காகத் தேர்வு எழுதித் தருபவர் அவர்களைவிடக் குறைவாகப் படித்திருக்க வேண்டும் என்பது விதி. அதனால் பாலக்காட்டின் கல்லூரிகளில் அவளைத் தேடி வருவார்கள்.

"என்னவிடக் குறைச்சலாப் படிச்ச ஆளு உங்களுக்குக் கிடைக்காது," என்பாள், வளையல் கடையில் பெட்டிகளை அடுக்கிக்கொண்டே. சொல்வதில் கூச்சம் கிடையாது. கையெழுத்து அச்சடித்தது போல இருக்கும். சொன்னதை மட்டும் எழுதுவாள்.

எருத்தேன்பதி ஊரிலிருந்து வரும் கற்பகம் பி.எஸ்ஸி. கணிதம். சிறு வயதில் பார்வை போனவள். ஒரு தாளில் தோற்றிருந்தாள். அது தேறினால்தான் எம்.எஸ்ஸி.யில் இடம். போன முறை வேறொருவர் எழுதினார். அவள் டெல்டா என்ற கிரேக்க எழுத்தைச் சொன்ன இடமெல்லாம் முக்கோணம் போட்டிருந்தார்.

தேர்வுக்கு முந்திய வெள்ளிக்கிழமை கடைக்கு வந்தாள்.

"ஏனுங்கக்கா, டெல்டா ரெண்டு இருக்குதுங்க. பெருசு தெரியும், கண்ணு இருந்தப்ப பாத்த முக்கோணந்தான். சின்னது எப்படி இருக்கும்னு தெரியாதுங்க. போன் ரெண்டையும் ஒரே மாதிரி படிக்குது."

ஹஸீபா எத்தனையோ கணக்குத் தாள் எழுதியவள். கற்பகத்தின் உள்ளங்கையை விரித்து விரலால் வரைந்தாள். ஒரு சுழி. அதன் மேலே ஏறி வளையும் ஒரு வால்.

"அட, புழுவாட்டம் இருக்குதுங்க!"

"புழுவேதான். இது என்ன வேலை பாக்கும்?"

கற்பகம் சொன்னாள். பெரியது மாற்றம்: காலை வெயிலுக்கும் மதிய வெயிலுக்கும் உள்ள வித்தியாசம். அதுவே இருபடிச் சமன்பாட்டில் வந்தால் விடைகள் எப்படிப்பட்டவை என்று முன்கூட்டியே காட்டும். சின்னது, எவ்வளவு நெருங்கினால் போதும் என்று நாமே வைக்கும் தூரம். அதன் காலடியில் இரண்டு எழுத்தைப் போட்டால், இரண்டும் சமமானால் ஒன்று, இல்லையென்றால் பூஜ்யம்.

"ஒரே ஆளுக்கு இத்தனை உத்தியோகமா! எங்க வீட்டுக்காரருக்கு ஒண்ணுகூட உருப்படியா இல்ல."

கற்பகம் சிரித்தாள். "போன தடவை ரெண்டும் ஒரே கணக்குல வந்துச்சுங்க. எது மாற்றம், எது தூரம்னு திருத்துனவங்களுக்குப் புரியல."

"பெருசா சின்னதான்னு நீ சொல்லிடு. மத்தத நான் பாத்துக்கறேன்."

தேர்வுக்குத் தனி அறை. மேற்பார்வைக்கு லிபின் என்ற இளம் ஆசிரியர். அதே வகைக் கணக்கு வந்தது. கற்பகம் உற்சாகத்தில் வேகமாகச் சொன்னாள்.

"பெரிய டெல்டா எக்ஸ், டெல்டாவைவிடக் குறைவு."

"எந்த..." என்று ஹஸீபா வாயெடுத்தாள்.

"இத்தா, அங்ஙோட்டு ஒந்நும் சோதிக்கருது," என்றார் லிபின் மலையாளத்தில், பதிலுக்கு எதுவும் கேட்கக் கூடாது என்று. எழுதுபவள் கேள்வி கேட்டால் அதுவே உதவியாகிவிடும்.

எந்த டெல்டா என்று ஹஸீபாவுக்குத் தெரியும். அந்த வெள்ளிக்கிழமைக்கு முன்னால் தெரிந்திருக்காது. கை சுழி போடத் தயாராக இருந்தது. போட்டால் சரியாகவும் இருக்கும், யாரும் கண்டுபிடிக்கப்போவதில்லை. ஆனால் அது கற்பகம் சொன்னதாக இருக்காது. முக்கோணம் போட்டாலும் அப்படியே. பேனாவைத் தாளுக்கு மேலே பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த வரியைத் தொடங்கிய கற்பகம் நிறுத்தினாள். தலையைச் சாய்த்துக் கேட்டாள். பேனா உரசும் ஓசை இல்லை. மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

"சின்ன டெல்டா," என்றாள்.

பேனா ஓடியது.

அதன் பிறகு ஒவ்வொரு குறியையும் பெரிதா சின்னதா என்று சேர்த்தே சொன்னாள். பேனா ஓய்ந்த பிறகே அடுத்ததற்குப் போனாள். லிபின் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைச் சொன்னபோதும் வேகம் கூட்டவில்லை. கடைசிக் கேள்வியைத் தொட முடியவில்லை.

"ஒரு கேள்வி போச்சேம்மா," என்றாள் ஹஸீபா, வெளியே வந்ததும்.

"போகட்டுங்கக்கா. எழுதுனது அத்தனையும் என்னோடதுங்க. பாஸாயிருவேன்."

ஆனாள்.