நான்காவது கால்

எங்கள் தேயிலைத் தோட்டத்தின் பழைய துரை பங்களாவை அலங்காரப் பொருட்களின் அருங்காட்சியகமாக ஆக்கிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. உள்ளே இருக்கும் ஒரு மேசையைத் தோழி படம் எடுத்து அனுப்பிய பிறகுதான் கோபம் வந்தது. அது என் அப்பா செய்த மேசை. பக்கத்து அட்டையில் 'வடிவமைப்பு' என்று போட்டுத் துரையின் முழுப்பெயரை எழுதியிருந்தார்கள். அந்த மனிதர் ஓர் ஆணி அடித்து நான் பார்த்ததில்லை.

அப்பா தோட்டத்தில் தச்சு வேலை பார்த்தவர். தொழிற்சாலைக்குப் படிக்கட்டு, செத்தவர்களுக்குப் பெட்டி என்று எல்லாம் அவர் கைதான். இந்த மேசை மட்டும் தனி. பட்டுப்போன கிழட்டுத் தேயிலைச் செடிகளைத் தூரோடு தோண்டி, பட்டை உரித்து, நான்கு தூர்களை நான்கு கால்களாக நிறுத்தி மேலே பலகை போட்டார். துரை சொன்னது ஒன்றே ஒன்று, கிறிஸ்துமசுக்குள் ஒரு மேசை வேண்டும் என்பது. மற்றதெல்லாம் அப்பாவின் மூளை. எனக்கு அப்போது எட்டு வயது. மரத்தூளில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த அட்டையை மாற்றியே தீருவது என்று ஒரு சனிக்கிழமை ஈப்போவிலிருந்து கிளம்பினேன். கோலா தெர்லாவில் காய்கறி லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து, கியா பார்மில் ஸ்ட்ராபெரி வாங்க வந்த கூட்டத்தில் மாட்டி, வழியில் இருந்த எல்லோரையும் திட்டிக்கொண்டே தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். அப்பா பூசைக்குப் போடும் வெள்ளைச் சட்டையில் தயாராக இருந்தார்.

"நீங்க ஒன்னும் பெருசா பேச வேணாம்பா. நான்தான் செஞ்சேன்னு ஒரு வார்த்தை, அது போதும்."

"எதுக்கும்மா அதெல்லாம்? பாத்துட்டு வந்துடலாம் லா."

அருங்காட்சியகத்தைச் சுற்றிக்காட்டியது கோலாலம்பூரிலிருந்து வந்த தமிழ்ப் பெண். பத்துப் பேர் கொண்ட கூட்டத்துக்கு ஆங்கிலத்திலும், அப்பாவைப் பார்த்துவிட்டு இடையிடையே தமிழிலும் பேசினாள். வெள்ளித் தேநீர்க் குடுவை, பூப்போட்ட பீங்கான், பிரம்பு நாற்காலி என்று வரிசையாகக் காட்டினாள். அந்தத் தட்டில் யார் யார் சாப்பிட்டார்கள் என்று சொன்னாள். யார் கழுவினார்கள் என்று சொல்லவில்லை. கொழுந்துக் கூடை ஒன்றைக் கவிழ்த்து உள்ளே விளக்கு மாட்டியிருந்தார்கள். அம்மாவின் நெற்றியில் அந்தக் கூடைக் கயிறு பதித்த தழும்பு சாகும்வரை போகவில்லை. இங்கே எல்லோரும் அதன் கீழே நின்று செல்பி எடுத்தார்கள்.

மேசை கடைசி அறையில் இருந்தது.

"இந்த ஒரு காலை மட்டும் பாருங்க," என்றாள் அந்தப் பெண். "மத்த மூணும் நேரா இருக்கு. இது முறுக்கி, வெடிச்சிருக்கு. டிசைனர் வேணும்னே அப்படி விட்டிருக்காரு."

"டிசைனர் இதோ நிக்கிறாரு," என்றேன். என் குரல் எனக்கே சத்தமாகக் கேட்டது. "இதச் செஞ்சது எங்கப்பா. அட்டையில இருக்கிறவரு இதுல சாப்பிட்டாரு, அவ்வளவுதான்."

அவள் சண்டைக்கு வருவாள் என்று எதிர்பார்த்தேன். பாவம், அவள் முகம் மலர்ந்துவிட்டது. "உண்மையாவா அக்கா? அங்கிள், நீங்களா? சொல்லுங்க, எழுதிக்கிறேன். கார்ட இந்த வாரமே மாத்திடலாம்."

கூட்டம் முழுவதும் அப்பா பக்கம் திரும்பியது. அப்பா அந்த வெடித்த காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் இல்லம்மா," என்றார். "மகளுக்கு ஞாபகம் மாறிப் போச்சு. அப்ப அது சின்னப் புள்ள."

யாரோ சிரித்தார்கள். என் போன் எண்ணை அந்தப் பெண்ணின் கையில் திணித்துவிட்டு வெளியே வந்தேன். அப்பாவை வண்டியில் ஏற்றிக்கொண்டு, எங்கே போகிறேன் என்றே தெரியாமல் தானா ராத்தா பஸ் நிலையம் வரை கத்திக்கொண்டே ஓட்டினேன். காலமெல்லாம் குனிந்து குனிந்து உங்களுக்கு நிமிரவே தெரியாமல் போய்விட்டது என்றுகூடச் சொன்னேன். பெற்றவரிடம் சொல்லக்கூடாத வார்த்தை. வண்டியை நிறுத்திய பிறகுதான் அவர் வாய் திறந்தார்.

"நாலாவது கால் பச்ச மரம்மா."

எனக்குப் புரியவில்லை.

"பட்ட செடி மூணுதான் தோதா கெடச்சிச்சி. கிறிஸ்மஸ் வந்துருச்சி, தொரை அவசரப்படுத்துறாரு. மேட்டு மலையில உசுரோட இருந்த செடி ஒன்ன வெட்டிட்டேன். எலையெல்லாம் எரிச்சிட்டேன். பச்சையில வெட்டுனது, காயக் காய முறுக்கி வெடிச்சிருச்சி. மரம் தெரிஞ்சவன் ஒருத்தன் பாத்தாப் போதும்."

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. உயிருள்ள தேயிலைச் செடியில் கை வைத்தவனுக்கு அன்றைக்கே வேலை போகும், வேலையோடு தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போகும். விறகுக்காக ஒரு செடியைப் பிடுங்கிய குடும்பம் சட்டிபானையோடு ரோட்டில் நின்றதை நானே பார்த்திருக்கிறேன்.

"அப்பா, அந்தத் துரை செத்து எத்தனை வருஷம் ஆச்சு! இப்ப யாரு கேக்கப் போறா?"

"தொரை செத்துட்டாரு. லயம் யாரோடது? இத்தன நாளு போனாப் போவுதுன்னு இருக்க விட்டிருக்காங்க. திருடுனவன்னு இப்ப ஒரு மேனேஜரு சொன்னா, எளுபத்தாறு வயசுல நான் எங்க போவேன்?"

என்னிடம் வந்துவிடுங்கள் என்று எத்தனையோ முறை கூப்பிட்டிருக்கிறேன். என் வீடும் வாடகை வீடுதான் என்று அவருக்குத் தெரியும். அந்த லயத்தின் கதவுகள் அத்தனையும் அவர் இழைத்துப் போட்டவை. அதில் ஒன்றைக்கூடத் தன் வீட்டுக் கதவு என்று அவரால் சொல்ல முடியாது. என் கோபம் போகவில்லை. அவர் மேல் இருந்தது மட்டும்தான் போனது.

செவ்வாய்க்கிழமை அந்தப் பெண் போன் செய்தாள்.

"அக்கா, அங்கிள் பயந்துகிட்டு சொல்றாரோன்னு எனக்குத் தோணுச்சு. நீங்க சொன்னா போதும், பேர மாத்திடுவேன்."

"இல்லம்மா," என்றேன். "நான்தான் தப்பாச் சொல்லிட்டேன். அது எங்கப்பா செஞ்சது இல்ல."