புறப்படும்போது கேட்கக் கூடாத கேள்வி

இங்கே பாண்டுங்கில் காலையில் நான் வீட்டை விட்டு இறங்கி, மில் வேன் வந்து நிற்கும் முனைக்குப் போவதற்குள் நாலு பேராவது கேட்டுவிடுவார்கள்: "மாவ் கெ மானா?" எங்கே போகிறீர்கள் என்று அர்த்தம். மில் சட்டை போட்டு, கையில் சாப்பாட்டுத் தூக்கோடு போகிறவன் வேறெங்கே போவான்? இந்தோனேசியாவில் வணக்கம் சொல்வது இப்படித்தான். பதிலை யாரும் எதிர்பார்ப்பதில்லை. அது தெரியாமல் வந்த புதிதில் ஒவ்வொருவரிடமும் நின்று, இன்ன ஷிப்ட், இன்ன நேரம் திரும்புவேன் என்று அரைகுறை மொழியில் விளக்கினேன். எதிர்வீட்டு அம்மா பாவம், கதவைச் சாத்த முடியாமல் தலையாட்டிக்கொண்டு நிற்பார். நம் ராஜபாளையத்திலோ, வெளியே கிளம்புகிறவனிடம் இதைக் கேட்கவே மாட்டார்கள். கேட்டால் போகிற காரியம் உருப்படாது. தெரிந்தே ஆகவேண்டுமானால் "தூரமா?" என்று இழுப்பார்கள். எனக்கு இந்த வேலை கிடைத்ததில் அந்தக் கேள்விக்கும் பங்கு உண்டு என்றால் சிரிப்பீர்கள்.

எண்பதுகளின் கடைசியில் நான் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் சூப்பர்வைசர். மில்லை மூடப்போகிறார்கள் என்ற பேச்சு பலமாக இருந்தது. வேறு இரண்டு இடங்களில் இன்டர்வியூவுக்குப் போய்த் தோற்றிருந்தேன். வேலை தெரியும், ஆனால் மேஜைக்கு அந்தப் பக்கம் ஒருவர் உட்கார்ந்துவிட்டால் எனக்கு வாய் கட்டிக்கொள்ளும். அந்த நேரத்தில்தான் பாண்டுங் மில்லின் மேனேஜர், ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர், ஊருக்கு வந்திருக்கிறார், அங்கே பஸ் ஸ்டாண்டு பக்கத்து லாட்ஜில் ஆள் எடுக்கிறார் என்று தெரிந்தது. குடும்பத்தோடு போகலாம், வீடும் தருவார்களாம். என் மனைவி மல்லிகா அன்றிலிருந்து ஆபீசராகிவிட்டாள். நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, "டெல் மீ அபௌட் யுவர்செல்ப்" என்பாள். எனக்குச் சிரிப்பு வரும், அவளுக்கும் வரும்.

"ஏட்டி, நீ சிரிக்காமக் கேளு. பொறவு நான் எப்படிச் சொல்லுவேன்?"

"அங்க யாரு சிரிக்கப் போறா? அதுக்குத்தான் இம்புட்டுப் பாடுபடுதேன். எந்திரிச்சு மறுபடியும் வாசல்ல இருந்து வாங்க."

இன்டர்வியூ அன்று காலை திருநீறு பூசி, இஸ்திரி போட்ட சட்டையோடு தெருவில் இறங்கினேன். நைட் ஷிப்ட் முடிந்து சைக்கிளில் வந்த கணேசன், என்னோடு வேலை பார்ப்பவன், தூக்கக் கலக்கத்தில் கத்தினான்: "ஏலே, மாப்பிள்ளை மாதிரி எங்கடா போற?" கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான். நான் அப்படியே வீட்டுக்குத் திரும்பினேன். மல்லிகா ஒரு செம்பு தண்ணீர் கொடுத்து, "செத்த நேரம் உக்காந்துட்டுப் போங்க" என்றாள். உட்கார்ந்தேன். பஸ் போய்விட்டது. அடுத்த பஸ் ஆடி அசைந்து ஸ்ரீவில்லிபுத்தூர் சேர்ந்தபோது என் பெயரைக் கூப்பிட்டு வெகுநேரம் ஆகியிருந்தது.

கடைசி ஆளாக உள்ளே விட்டார்கள். மேனேஜரும் அவரோடு வந்திருந்த இந்தோனேசிய அதிகாரியும் இருந்தார்கள். "ஏன் லேட்டு?" என்றார் மேனேஜர். இது மல்லிகா கேட்டுப் பழக்கிய கேள்விகளில் இல்லை. வேறு வழியில்லாமல் உள்ளதைச் சொன்னேன். மேனேஜர் அதை அவர்கள் மொழியில் சொன்னதும், அதிகாரி கவலையோடு ஆங்கிலத்தில் எனக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டார். வீட்டுக்குத் திரும்பி உட்கார்ந்து தண்ணீர் குடித்தவன் நோயாளி என்று நினைத்துவிட்டார். மேனேஜர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"தம்பி, அவிய ஊர்ல பாக்கிறவன் எல்லாம் இதைத்தான் கேப்பான். தெனமும் திரும்பிப் போயி உக்காருவியா?"

"கேட்ட பொறவும் வந்துட்டேன்ல சார்? அங்க வேணும்னா ஒரு பஸ் முன்னாடியே கெளம்பிருதேன்."

இப்போது அதிகாரியும் சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். அதோடு வாய்க்கட்டு அவிழ்ந்தது. நூல் ஏன் அறுகிறது, மழைக்காலத்தில் மெஷினை எப்படி ஓட்டுவாய் என்று கேட்கக் கேட்க, தமிழும் இங்கிலீஷும் கலந்து கணேசனோடு பேசுவதுபோலப் பேசினேன். எழுந்து வரும்போது மேனேஜர், "பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போடு" என்றார். அந்த நிமிஷத்துச் சந்தோஷத்தை இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

பால்கோவா வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். "கெடைச்சிருச்சு" என்றதும் மல்லிகா கைதட்டிக் குதித்தாள். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்து, "அப்போ நெசமாவே போறோமா?" என்று கேட்டு அழுதாள். அழுதுகொண்டே பால்கோவாவும் தின்றாள். அதுவரை வேலை கிடைக்குமா என்று மட்டுமே நினைத்திருந்தோம், கிடைத்தால் ஊரைவிட்டுப் போகவேண்டும் என்று இரண்டு பேருமே நினைக்கவில்லை.

வந்து சில வருஷங்கள் ஆகிவிட்டன. நன்றாகவே இருக்கிறோம். போன லீவுக்கு ராஜபாளையம் போயிருந்தபோது, கிளம்பும் நாளில் பெட்டி கட்டிக்கொண்டே மல்லிகா சொன்னாள்: "வீட்டுக்குப் போனதும் மொதல்ல சன்னலத் தொறந்து விடணும்."

துணி மடித்துக் கொடுத்துக்கொண்டிருந்த அவள் அம்மா நிமிர்ந்து பார்த்தார். "எந்த வீட்டச் சொல்லுத தாயி?"

மல்லிகா சிரித்தாள். சிரித்தபடியே மடித்த சேலையைப் பெட்டியிலிருந்து எடுத்து, மறுபடியும் மடிக்க ஆரம்பித்தாள்.