ரத்துச் செய்யும் அதிகாரம்

போன வியாழக்கிழமை, மாலை அசர் தொழுகை முடிந்த பிறகு, எங்கள் பள்ளிவாசல் நிர்வாகக் கூட்டத்தில் எல்லாருடைய போனும் ஒரே நேரத்தில் அதிர்ந்தது.

தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளூச் செய்யும் ஹவ்ழுத் தொட்டியில் தண்ணீர் கசிவதைப் பற்றி அப்போது பேசிக்கொண்டிருந்தோம். பேச்சு நின்றது. ஒவ்வொருவராக ஜுப்பாப் பைக்குள் கையை விட்டார்கள். தலைவர் காசிம் ஹாஜியார் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டி, வாய்க்குள் முணுமுணுத்து வாசித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“செக்ரட்டரி, இது ஹவ்ழு விசயத்துக்கு முந்தியா, பிந்தியா?”

நானும் போனைத் திறந்தேன்.

‘சனி அசருக்குப் பொறகு. சாய்ந்தமருது பரீதா டீச்சர்ட ஊடு. ரிஸ்னாட மாப்பிள்ள விசயம். ஒருத்தருக்கும் சொல்ற இல்ல.’

என் மனைவி பௌசியா எழுதியது. ரிஸ்னா எங்கள் மகள்.

இது எப்படி நடந்தது? நான் செய்த ஏற்பாட்டின்படி, ஒரு குறையும் இல்லாமல் நடந்தது.

அரசாங்கக் கந்தோர் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகுதான் எனக்கு வேலை கூடிவிட்டது. பள்ளிவாசல் செயலாளர் பதவி, மத்தியஸ்த சபை, இடையில் யாராவது கொண்டுவந்து நீட்டும் காணி உறுதி... போன மாதம் பௌசியாவைக் கண் கிளினிக்குக்குக் கூட்டிப்போக வேண்டிய நாளில் நான் ஒரு கூட்டத்தில் உட்கார்ந்திருந்தேன். அவள் தனியாகப் போய், கண்ணில் மருந்து விட்ட மங்கலோடு ஆட்டோ பிடித்து வந்தாள். அன்றே முடிவு செய்தேன் — வீட்டு விசயமும் வெளி விசயமும் போன் கலண்டரில் சேர்ந்து ஓட வேண்டும்.

உதவிப் பக்கங்களை முதலிலிருந்து கடைசி வரை வாசித்தேன். இந்தக் கரையில் அதை முழுதாக வாசித்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ‘குடும்பம்’ என்று ஒரு கலண்டர். ‘நிர்வாகம்’ என்று இன்னொன்று, சபை உறுப்பினர்கள் எல்லாரையும் சேர்த்து. என் கூட்டங்களை அவளும் பார்க்கட்டும் என்று பௌசியாவின் போனில் இரண்டையும் ஏற்றினேன். புதிது, மாற்றம், ரத்து — எதுவானாலும் உறுப்பினர் அனைவருக்கும் அறிவித்தல் போக வேண்டும் என்றும் அமைத்தேன். அப்படித்தானே கந்தோரில் செய்தோம்?

புதிதாக எழுதுவது எந்தக் கலண்டரில் போய் விழும் என்பதை மட்டும் பார்க்கவில்லை. பௌசியாவின் போனில் அது ‘நிர்வாகம்’.

வெளியூர் வாசகர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் பெண் வீட்டார்தான் மாப்பிள்ளை கேட்டுப் போவார்கள். பேசி முடியும்வரை மூச்சு விடுவதில்லை. சரிவந்தால் எல்லாருக்கும் சாப்பாடு. சரிவராவிட்டால், ‘கேட்டுக் கொடுக்கல்லயாம்’ என்ற கதை பெண்ணின் பேரோடு ஒட்டிக்கொள்ளும். மூன்று இடத்தை வேண்டாம் என்று தள்ளிய ரிஸ்னா, இந்த ஒரு இடத்துக்குத்தான் “ஓம் வாப்பா” என்றாள்.

அதைவிடப் பெரிய வில்லங்கம் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தது. மௌஜூத் மாஸ்டர். சாய்ந்தமருதில் பிறந்து எங்கள் ஊருக்கு மாப்பிள்ளையாக வந்தவர். பரீதா டீச்சரின் சொந்தத் தம்பி. பையனுக்குத் தாய்மாமன். சனிக்கிழமை பேசிப் பார்த்துவிட்டுத் தம்பியிடம் சொல்லலாம் என்று டீச்சர் நினைத்திருந்தார். அதுவரை எங்கள் வீட்டுக்கும் டீச்சருக்கும் வெளியே போகாத விசயம் அது.

மௌஜூத் போனைப் பார்த்தபடியே இருந்தார். காது சிவந்தது.

“மருமகன்ட விசயம்... எனக்குப் போன்லதான் வருது. நல்லம்.”

முதலில் இதை அழிக்க வேண்டும், மற்றதைப் பிறகு யோசிக்கலாம். அழுத்தினேன். அழிந்தது.

எல்லாருடைய போனும் மறுபடி அதிர்ந்தது.

‘ரத்துச் செய்யப்பட்டது: ரிஸ்னாட மாப்பிள்ள விசயம்.’

ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். மௌஜூத் எழும்பினார்.

“செக்ரட்டரி காக்கா, எனக்கு ஒரு வேல இருக்கு.” ‘காக்கா’ என்ற அண்ணன் முறை மட்டும் மாறவில்லை.

என்ன வேலை என்று எனக்குத் தெரியாதா? நான் வீடு வந்து சேர முன்னமே செய்தி வந்து சேர்ந்திருந்தது. பௌசியா போனைக் காதில் வைத்தபடி நின்றாள். அவளை ‘தாத்தா’ என்று அக்கா முறை வைத்துக் கூப்பிடும் பரீதா டீச்சரின் குரல் எனக்கும் கேட்டது.

“வேணாமெண்டா எனக்கிட்டச் சொல்லியிருக்கலாமே தாத்தா. ஊருக்கெல்லாம் நோட்டீஸ் போட்டுத்தானா ரத்துப் பண்ற?”

தொடர்பு அறுந்தது. அறை வாசலில் ரிஸ்னா நின்றிருந்தாள்.

“என்ன வாப்பா செஞ்சீங்க?”

எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கோபிக்கவில்லை, அழவில்லை. உள்ளே போய்க் கதவை மெல்லச் சாத்தினாள். அந்த மெல்லச் சாத்தலைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

“ஒரு விளக்கக் கடிதம் எழுதினா...” என்று ஆரம்பித்தேன்.

“நீங்க ஒண்டும் எழுதப்படாது” என்றாள் பௌசியா. அபாயாவை மாட்டினாள். “ஆட்டோவக் கூப்புடுங்க.”

எங்கள் கல்முனையிலிருந்து சாய்ந்தமருது எவ்வளவு தூரம்? பக்கத்து ஊர். அன்றைக்கு அது முடியவே இல்லை. நான் வழியெல்லாம் மனதுக்குள் காரணங்களை வரிசைப்படுத்திக்கொண்டு போனேன்: அமைப்பு, இயல்புநிலை, அறிவித்தல்...

பரீதா டீச்சர் கதவைத் திறந்தார். உள்ளே வரச் சொல்லவில்லை. பின்னால் கதிரையில் மௌஜூத்.

“டீச்சர், அந்தச் சிஸ்டத்துல...” என்றேன்.

பௌசியா என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“டீச்சர், சனிக்கிழம நாங்க வாற. அது அப்படியேதான் இருக்கு. எங்கட ஊட்டுல ரத்துச் செய்ற அதிகாரம் இவருக்கு இல்ல.”

டீச்சர் என்னை மேலும் கீழும் பார்த்தார். மத்தியஸ்த சபையில் எதிராளிகளை நான் அப்படிப் பார்ப்பதுண்டு. பிறகு பௌசியாவைப் பார்த்தார். உதட்டோரம் ஏதோ இளகியது.

“எங்கட ஊட்டுலயும் அப்படித்தான்” என்றார். தம்பி பக்கம் திரும்பினார். “டேய், ஒனக்கு முதல் சொல்லாதது என்ட பிழ. அதுக்குப் புள்ளைக்கிட்ட கோவிக்கப்படாது.”

மௌஜூத் கதிரையை விட்டு எழும்பினார்.

“புள்ளைக்கிட்ட ஆரு கோவிச்ச? காக்காட போனத்தான் கடல்ல போடணும்.”

“உள்ளுக்கு வாங்க தாத்தா” என்றார் டீச்சர். “தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க. இண்டைக்கு வந்தது கணக்கில்ல, சனிக்கிழம ஒழுங்கா வாங்க.”

சனிக்கிழமை ஒழுங்காகப் போனோம். காசிம் ஹாஜியாரும் கூட வந்தார். ஏன் என்று கேட்டதற்கு, “அழைப்பு வந்த, ரத்து வந்தத நான் பாக்கல்ல” என்றார். பேச்சை நல்லபடி முடித்துவைத்தவரும் அவர்தான்.

கந்தோரில் எத்தனை கோப்புகளுக்குத் திருத்தமும் திருத்தத்துக்குத் திருத்தமும் எழுதியிருப்பேன்! வாசலில் போய் நின்று ஒரு வசனம் சொன்னால் முடிகிற காரியத்துக்கு, எந்தச் சுற்றறிக்கையிலும் இடம் கண்டதில்லை.

நேற்று என் போன் அதிர்ந்தது. ‘குடும்பம்’ கலண்டரில் பௌசியா ரிஸ்னாவின் நிக்காஹ் திகதியை ஏற்றியிருந்தாள். நேரத்துக்குப் பக்கத்தில் மண்டபத்தின் பேரையும் சேர்க்கலாமே என்று அழுத்திப் பார்த்தேன்.

எனக்குப் பார்வையிட மட்டும்தான் அனுமதியாம்.