தேவநேசனின் மின்சார ஹாரன்

மண்டி மொஹல்லா என்ற பேட்டையில் தனியாகக் குடியிருந்த குமாஸ்தா தேவநேசனுக்கு வீட்டில் பேச்சுத்துணை கிடையாது. அந்தக் குறையை மோட்டார் சைக்கிளில் தீர்த்துக்கொண்டார். உலகச் சண்டை முடிந்து பட்டாளத்து ஏலத்தில் வந்த பழைய வண்டி. அதற்கு இரண்டு கூடுதல் விளக்கு, கைப்பிடி அருகே ஒரு குட்டி பல்பு, போதாததற்கு மின்சார ஹாரன். கல்யாணப்பெண்ணுக்குக்கூட இத்தனை ஜோடனை இருக்காது. சாயங்காலம் வண்டியை முன்னறையில் ஏற்றி, பல்பை எரியவிட்டு, எதிரே உட்கார்ந்து சாப்பிடுவார். அதை அணைக்க மனசு வராது.

பாட்டரிக் கடை பசவராஜ் தலையில் அடித்துக்கொண்டார். "ஏன் சார், எல்லா ஒயரையும் நேரா பாட்டரியில கட்டியிருக்கீங்க! வண்டி சும்மா நின்னாலும் குடிச்சிக்கிட்டே இருக்கும். ஒரு சாவி சுவிட்சு வழியா விடுங்க. சாவிய எடுத்தா எல்லாம் அணையணும்."

"ஆகட்டும்" என்றார் தேவநேசன். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

சர்ச்சில் பழகிய நர்ஸ் ஹில்டாவிடம் ஒரு கேள்வியை இரண்டு வருஷமாக மனசுக்குள்ளேயே வைத்திருந்தார். கல்யாணக் கேள்விதான். அவளுக்குத் தங்கவயலில் வேலை கிடைத்தது.

"சனிக்கிழமை கிளம்புறேன்" என்றாள். "நாலு மணிக்கு ஹாஸ்டல் கேட் கிட்ட ரெண்டு தடவ ஹாரன் அடிங்க, வந்துடுறேன். நாலரைக்கு அண்ணன் ஜட்கா கொண்டுவந்துடுவார்."

ஆண்கள் வந்து பெயர் சொல்லிக் கேட்டால் ஹாஸ்டல் மேட்ரன் மானத்தை வாங்கிவிடுவாள். அதனால்தான் ஹாரன்.

பாட்டரி செத்தாலும் உதைத்தால் கிளம்புகிற வண்டி அது. கேட்டில் போய் நின்ற பிறகுதான் விஷயம் தெரிந்தது. அழுத்தினார், ஹாரன் முனகக்கூட இல்லை. திரும்பத் திரும்ப அழுத்தினார். வாட்ச்மேன் முறைத்தான். நாலரைக்கு ஜட்கா தெருக்கோடியிலிருந்த இன்னொரு கேட் வழியாக வெளியேறியது. அவள் முதுகைத்தான் பார்த்தார்.

திங்கட்கிழமை ஒயரெல்லாம் சுவிட்சு வழியாகப் போயிற்று. நடந்ததைக் கேட்ட பசவராஜ் திருப்புளியைக் கீழே வைத்தார்.

"ஊரை விட்டே போறவங்கள மேட்ரன் என்ன சார் பண்ணுவாங்க? பேரச் சொல்லிக் கூப்பிட வேண்டியதுதானே. தொண்டைக்கும் பாட்டரி வேணுமா?"

தேவநேசன் வீட்டுக்கு வந்து, வண்டியை நிறுத்தி, சாவியை எடுத்தார். அறை இருண்டது.

"ஹில்டா" என்றார்.

அந்தப் பெயரை அவர் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. தெருவரைக்கும் கேட்டிருக்கும், அவ்வளவு நல்ல குரல்.