செவலைப் பசுவின் முதல் சொம்பு

தோட்டம் சுற்றிக் காட்டுவது வாயால் செய்கிற வேலை; என் வாயை அடைத்தவர் மேனேஜர் தயாளன். திருவொற்றியூரில் கம்பெனிகள் வருவதற்கு முன்பிருந்தே இருக்கிற தோட்டம் எங்களுடையது. ஞாயிறுதோறும் ஜனங்கள் வந்து பழைய கிணற்றையும் மாட்டுக் கொட்டகையையும் பார்த்துவிட்டு, கீரையும் பாலும் வாங்கிப் போவார்கள். ஊரே லீவில் இருக்கும்போது வேலைக்குப் போகிறவர்களே, உங்களுக்கு என் கதை புரியும்.

கீரையில் கறுப்பு

ஒரு அம்மா கீரைக் கட்டைத் தடவிவிட்டு, விரலில் ஒட்டிய கறுப்பு என்னவென்று கேட்டார். "கம்பெனியிலருந்து காத்துல வர்ற சாம்பல்மா, மூணு தண்ணியில அலசுங்க" என்றேன். அவர் கட்டைக் கீழே வைத்துவிட்டார். மறுநாளே தயாளன் என்னைக் கொட்டகைக்கு மாற்றினார்.

"நீ மாட்டாண்ட பேசு நைனா, அது யாருக்கும் சொல்லாது."

சீம்பால்

அப்போது என் மனைவி சரோஜாவுக்குத் தொண்டையில் எதுவும் இறங்கவில்லை. ஆஸ்பத்திரியில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சினையாக இருக்கிற செவலைப் பசு கன்று போட்டதும் சீம்பாலை வெல்லம் போட்டு அவித்துக் கொடு, அது இறங்கும் என்றாள். எங்கள் தோட்டத்தில் சீம்பாலை விற்கிற வழக்கம் கிடையாது. முதல் சொம்பு பிரசவம் பார்த்தவனுக்கு.

ஒரு ஞாயிறு மதியம் செவலைக்கு வலி வந்தது. கன்று கால் மடங்கி உள்ளேயே சிக்கிக்கொண்டது. கையை விட்டு நிமிர்த்தி, நான்தான் இழுத்துப் போட்டேன். வேடிக்கை பார்த்தவர்கள் கைதட்டினார்கள். சீம்பால் கிடைக்குமா என்றும் கேட்டார்கள். நான் கைகழுவித் திரும்புவதற்குள் தயாளன் சீம்பாலைக் கறந்து, பாத்திரத்தோடு தோட்டத்துக் கடைக்கு விற்கப் போய்விட்டார். வீட்டு நிலைமையைச் சொன்னேன். ரெண்டு நாள் பொறு என்றார். மூன்றாம் நாள் கிடைத்தபோது அது வெறும் பாலாகிவிட்டிருந்தது. அவித்தும் கட்டியாகவில்லை. சரோஜா ஸ்பூனைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"பரவால்லய்யா, அடுத்த ஈத்துக்குப் பாத்துக்கலாம்."

அடுத்த ஈத்து

அந்த மாதமே அவள் போய்விட்டாள். இந்த வருஷம் செவலை மறுபடி கன்று போட்டது. தயாளனே முதல் சொம்பைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். நான் அதைக் கன்றுக்குப் புகட்டினேன். அவர் காலிச் சொம்பைக் கையில் எடுத்தார்.

"இன்னும் அதையே நெனச்சிகினு கீறியா, நைனா?"

இந்த ஈத்துச் சொம்பு வந்துவிட்டது. போன ஈத்துச் சொம்பு இன்னும் எனக்கு வரவேண்டியிருக்கிறது.